தாமிரபருணிக் கரையில் கிறிஸ்துமஸ் தாத்தா

மார்கழி மாதத்தில் திருநெல்வேலிச் சீமைக்கு விருந்தாளியாகப் போகிறவர்கள், விடியற்காலைத் தூக்கத்தைப் பற்றிய நம்பிக்கையை ரெயிலடியிலேயே விட்டுவிட்டுப் போவது நலம். நாலு மணி அடித்ததும் கோயில்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஆரம்பமாகிவிடும். சரி, கிறிஸ்தவர்கள் வசிக்கும் கிராமத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினால், அங்கேயும் தப்ப முடியாது. தாளமும் மேளமும் ஆர்மோனியமுமாகப் பஜனைக் கோஷ்டி ஒன்று தெருவோடு வந்துகொண்டிருக்கும். தூரத்தில் கேட்கும் மெட்டை வைத்துக்கொண்டு, இது எந்தச் சமயத்தாரின் பஜனை என்று சொல்லிவிட முடியாது. கோஷ்டி அருகே வந்து, பாட்டின் சொற்கள் காதில் விழுந்தால்தான் தெரியும். இதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. கிறிஸ்தவர்களுக்குத் தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடிக் கொடுத்த வேதநாயக சாஸ்திரியார் 1774-ஆம் வருஷத்தில் திருநெல்வேலியில் பிறந்தவர் அல்லவா?

பஜனை விடியற்காலைக்கு உரியது. இரவுக்கு உரிய வேடிக்கை வேறொன்று இருக்கிறது. டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் வாலிபர்கள் கூட்டமாகச் சேர்ந்து வீடு வீடாகக் கீதம் பாடிக்கொண்டு வருவார்கள். அவர்கள் நடுவே சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் முகமூடியும் தரித்து ஒருவர் குதித்துக் குதித்து ஆடிக்கொண்டு வருவார். அவர்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. வட துருவத்துப் பனிக்காகத் தைத்த உடுப்பு திருநெல்வேலிச் சீமையில் எவ்வளவு சுகமாயிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். வயிற்றில் கட்டிய தலையணை நழுவிக்கொண்டேயிருக்கும். முகமூடியின் துவாரம் வழியாக வாசற்படி சரியாகத் தெரியாது. அவரைக் கண்டதும் குழந்தைகளில் பாதிப் பேர் கையை நீட்டிக்கொண்டு முன்னே ஓடுவார்கள். மீதிப் பேர் பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வார்கள். தாத்தா பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்காரர் காணிக்கை கொடுப்பார். இப்படிச் சேருகிற பணத்தைக் கொண்டு பல ஊர்களில் ஏழைகளுக்குத் துணியும் அரிசியும் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் உண்டு.

பார்ப்பதற்கு இது வெறும் வேடிக்கைதான். ஆனால் இந்த வேஷத்துக்குள் ஒரு பழைய தர்மம் மறைந்திருக்கிறது. வர வர வேஷம் பெரிதாகி, தர்மம் சிறிதாகிவிடுமோ என்ற கவலை நமக்கு உண்டாகியிருக்கிறது. அதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

ஜன்னல் வழியே விழுந்த பொன்

தாத்தாவின் பூர்வீகம் வட துருவம் அன்று. கி. பி. நாலாம் நூற்றாண்டில், இன்று துருக்கி தேசத்தைச் சேர்ந்த மீரா என்னும் பட்டணத்தில் நிக்கலஸ் என்று ஒரு அத்தியட்சர் இருந்தார். அவரைப் பற்றி வழங்கும் கதைகளில் ஒன்று நம் நாட்டுத் தாய் தந்தையருக்கு விளக்கமே தேவையில்லாதது. ஒரு ஏழை மனிதனுக்கு மூன்று பெண்கள். மூவரும் கல்யாண வயது வந்தவர்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. அவர்களுடைய கதி என்னவாகுமோ என்று தகப்பனார் ஏங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் இரவு ஜன்னல் வழியாக ஒரு பொன் முடிப்பு வீட்டுக்குள் வந்து விழுந்தது. மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மறுபடி ஒரு முடிப்பு வந்தது. இரண்டாவது பெண்ணுக்கு ஆயிற்று. மூன்றாவது முறை தகப்பனார் கண் விழித்துக் காத்திருந்து, வெளியே ஓடிப் பார்த்தார். நிக்கலஸ் பிடிபட்டுவிட்டார். "இதை ஒருவரிடமும் சொல்லாதே" என்று அவர் கேட்டுக்கொண்டார் என்பது கதை.

கதை நடந்ததா, நடக்கவில்லையா என்று ஆராய்ச்சி செய்வது நம்முடைய வேலையல்ல. நிக்கலஸ் ஏன் இரவில் போனார் என்பதே நமக்கு முக்கியம். பகலில், நாலு பேர் பார்க்க, வாசல் வழியாகப் போய்ப் பொன்னைக் கொடுத்திருந்தாலும் கல்யாணம் நடந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்கள் ஆயுள் முழுவதும் "தர்மப் பணத்தில் தாலி கட்டிக்கொண்டவர்கள்" என்ற பேச்சைச் சுமந்திருப்பார்கள். பொன்னைக் கொடுத்ததோடு அவர்களுடைய மானத்தையும் அவர் காப்பாற்றினார். அதற்கு இருட்டு அவருக்குத் துணையாயிற்று.

பிற்காலத்தில் டிசம்பர் 6-ஆந் தேதி அவருடைய திருநாளாயிற்று. ஹாலந்து தேசத்தார் அவருடைய பெயரைச் 'சின்டர்கிளாஸ்' என்று சொன்னார்கள். அமெரிக்காவில் அது 'சான்டா கிளாஸ்' ஆயிற்று. தாமஸ் நாஸ்ட் என்னும் சித்திரக்காரர் 1863 முதல் ஒரு பத்திரிகையில் அவரைத் தாடியும் தொந்தியுமாக வரைந்து வந்தார். 1931-இல் ஒரு குளிர்பானக் கம்பெனியார் தங்கள் விளம்பரத்துக்காகச் சிவப்பு அங்கி அணிந்த உருவத்தை வரையச் செய்து உலகமெல்லாம் பரப்பினார்கள். அத்தியட்சரின் அடக்கத்துக்கும் இந்த விளம்பரத்துக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! இருட்டில் மறைந்து கொடுத்தவரை உலகத்திலேயே அதிகம் தெரிந்த முகமாக ஆக்கிவிட்டார்கள்.

தமிழன் வைத்த பெயர்

ஆனால் தமிழ்நாட்டில் அவருக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. ஆங்கிலேயர் அவரைக் 'கிறிஸ்துமஸ் தந்தை' என்று அழைக்கிறார்கள். நம்மவர்கள் அத்தியட்சர் என்ற பட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். தந்தை என்ற உறவையும் ஒரு படி ஏற்றி, அவரைத் 'தாத்தா' ஆக்கிவிட்டார்கள். இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாராயிருந்தாலும், குடும்பத்தின் போக்கை நன்றாக அறிந்தவராயிருக்க வேண்டும். தகப்பனார் ஒரு சாமான் வாங்கிக் கொடுத்தால், "ஒழுங்காகப் படிக்கிறாயா?" என்ற கேள்வியும் அதோடு வரும். தாத்தா கொடுப்பதில் நிபந்தனை கிடையாது. அப்பாவுக்குத் தெரியாமல்கூடக் கொடுப்பார். வாங்கிக்கொள்ளும் பேரனுக்கு வெட்கமும் கிடையாது, கடன்பட்டோம் என்ற பாரமும் கிடையாது. அது அவன் உரிமை.

தர்மம் செய்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த உறவைத்தான். பெற்றுக்கொள்கிறவருக்குக் கூச்சமில்லாமல் கொடுக்க வேண்டுமானால், கொடுப்பவர் உறவினராக வேண்டும். அல்லது கண்ணுக்குத் தெரியாதவராக வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் பெண்மணிகள் சிலர் முகமூடி இல்லாமலே இந்த வித்தையில் தேர்ந்தவர்கள். "அக்கா, அளவு தெரியாமல் சட்டை எடுத்துவிட்டேன். என் மகனுக்குப் பிடிக்கிறது. உங்கள் பிள்ளைக்குச் சரியாயிருக்குமா, போட்டுப் பாருங்கள்" என்று அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள். அளவு தவறவில்லை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இருவரும் தெரியாதது போல நடித்துக்கொள்கிறார்கள். நிக்கலஸ் இருட்டில் செய்ததை இவர்கள் பட்டப்பகலில் செய்துவிடுகிறார்கள்!

மார்கழியில் மறைந்திருக்கும் பசி

பண்டிகைக் காலத்தில் யாருக்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். தாமிரபருணி பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயலுக்கு அருகே கடலில் கலக்கிறது. வற்றாத நதி என்று பெயர் பெற்றது. அதன் கால்வாய்கள் பாயும் வயல்களில் கார், பிசானம் என்று இரண்டு போகம் விளையும். கார் நெல் புரட்டாசியோடு வீடு வந்துவிடும். பிசானம் அறுவடையாகப் பங்குனியை நெருங்கிவிடும். மார்கழி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வயல் பச்சைப் பசேலென்று கண்ணைப் பறிக்கும். ஆனால் கூலிக்கு வேலை செய்கிறவன் வீட்டுப் பானையில் பச்சையைப் போட்டுச் சமைக்க முடியாது.

நதியை விட்டுத் தெற்கே, செம்மணல் தேரிகள் பரந்த பனங்காட்டுப் பிரதேசத்துக்குப் போனால் கதை இன்னும் கடினம். நாசரேத்தும் முதலூரும் இடையன்குடியும் இந்தப் பக்கத்து ஊர்கள்தான். பதநீர் இறக்கும் காலம் மாசி பங்குனியில் ஆரம்பித்து ஆடி ஆவணியோடு முடிந்துவிடும். பனையேறிக்கு வருஷம் முழுவதற்குமான வரும்படி அந்தச் சில மாதங்களில் வர வேண்டியது. மார்கழி வருவதற்குள் கருப்பட்டியும் விற்றுப் போயிருக்கும். விற்ற பணமும் போயிருக்கும். ஆகவே, ஊரெல்லாம் நட்சத்திர விளக்குக் கட்டித் தொங்கவிடுகிற சமயமே, பல வீடுகளில் கை வறண்டிருக்கும் சமயமாகவும் இருக்கிறது. முதலூரில் தேங்காய்ப் பால் ஊற்றிக் கிண்டும் மஸ்கோத் அல்வாவின் வாசனை தெருவெல்லாம் வீசும்போது, அடுப்பு மூட்டாத வீட்டுக் குழந்தையின் மூக்கும் அந்த வாசனையை அறியத்தானே செய்யும்? பண்டிகை நாளில் இல்லாமை இரண்டு மடங்காகத் தெரிகிறது.

சோற்றுக்கு என்ன விலை?

தர்மத்தைப் பற்றி இந்தச் சீமையில் பேசத் தொடங்கினால், ஒரு பழைய வழக்கை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1876 முதல் 1878 வரையில் சென்னை ராஜதானியை வாட்டிய பெரும் பஞ்சத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். திருநெல்வேலியில் மிஷன் சங்கத்தார் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார்கள். "இது அரிசிக்காகச் சேர்ந்த கூட்டம்" என்று மற்றவர்கள் சொன்னார்கள். "சாதியின் பெயரால் நீங்கள் கிட்டே சேர்க்காதவர்களை நாங்கள் சேர்த்துக்கொண்டோம்" என்று சபையார் பதில் சொன்னார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. இரண்டு பேச்சும் கேட்பவர் நெஞ்சில் குத்தும்.

இந்த வழக்குக்கு இங்கே தீர்ப்புச் சொல்ல நாம் உட்காரவில்லை. ஆனால் எந்தத் தர்மத்துக்கும் உரைகல் ஒன்று உண்டு. கொடுத்த பிறகு ஏதாவது திருப்பிக் கேட்கப்பட்டதா? சமயமாயிருந்தாலும், வோட்டாயிருந்தாலும், கைகூப்பிய நன்றியாயிருந்தாலும், கேட்கப்பட்டால் அது வியாபாரம். திருப்பித் தர இயலாத வறியவருக்குத் தருவதையே ஈகை என்று வள்ளுவர் கொண்டார். தர்மம் செய்யும்போது தாரை ஊதிக்கொண்டு செய்யாதே என்பது இயேசுநாதர் மலைமேல் செய்த உபதேசத்தில் ஒரு பகுதி. இரு தரத்தாரும் தங்கள் தங்கள் வேதத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டால், சண்டைக்கு அதிக இடம் இராது.

அந்தப் பஞ்சத்தின் நடுவில் நாசரேத்துக்கு வந்து சேர்ந்தவர் மர்காஷியஸ் பாதிரியார். 1876-இல் வந்தவர், 1908-இல் காலமாகும் வரையில் அந்த ஊரிலேயே இருந்தார். அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டதோடு அவர் நிற்கவில்லை. பஞ்சம் போய்விடும், பிள்ளைகள் வளருவார்கள், அப்புறம் என்ன செய்வார்கள் என்று யோசித்தார். 1878-இல் ஒரு கைத்தொழிற் பள்ளிக்கூடத்தை ஏற்படுத்தினார். தச்சு, தையல், நெசவு முதலிய தொழில்களைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். இன்று கஞ்சி வாங்க வந்தவன் நாளைக்குப் பிறருக்கு மேஜை செய்து கொடுத்துக் கூலி வாங்கும்படி செய்வதைவிட நல்ல கிறிஸ்துமஸ் பரிசு வேறு என்ன இருக்க முடியும்?

கண்ணும் காதும்

பாளையங்கோட்டைக்குத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று ஒரு பட்டம் உண்டு. எத்தனையோ ஊர்கள் இம்மாதிரிப் பட்டங்களைத் தாமே சூட்டிக்கொள்கின்றன. ஆனால் பாளையங்கோட்டையின் உண்மையான பெருமை இரண்டு பள்ளிக்கூடங்களில் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். பார்வையில்லாத பிள்ளைகளுக்கு 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். காது கேளாத பிள்ளைகளுக்கு அதே பத்தாண்டுக்குள் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். குருட்டுப் பிள்ளையைப் பிச்சைக்கு அனுப்புவதும், ஊமைப் பிள்ளையை மாடு மேய்க்க விடுவதும் சகஜமாயிருந்த காலம் அது. இரண்டு பள்ளிகளும் நூறு ஆண்டு தாண்டி இன்றும் நடந்துவருகின்றன.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு இந்த இரண்டு பள்ளிகளும் பெரிய பரீட்சை வைக்கின்றன. பார்வையில்லாத குழந்தைக்கு முன்னால் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியும் எதற்கு உதவும்? அந்தக் குழந்தை தாத்தாவின் கையைத் தொட்டுப் பார்க்கும்; குரலைக் கேட்கும். கையில் பரிவும் குரலில் அன்பும் இருந்தால்தான் தாத்தா. இல்லாவிட்டால் யாரோ ஒரு ஆள். காது கேளாத குழந்தைக்கோ பாட்டும் மேளமும் பயன்படா. அது முகத்தைத்தான் பார்க்கும். முகமூடியை எடுத்தால் ஒழிய அதனோடு பேச முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்வையில்லாத பிள்ளைகளில் சங்கீதத்தில் தேர்ந்தவர்கள் அநேகர். அவர்களிடம் இனிப்புப் பெட்டியை நீட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு திரும்புகிறவர்கள், ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தால், இனிப்பைவிடப் பெரிய உபகாரம் செய்தவர்களாவார்கள். கொடுப்பதில் உள்ள ஆனந்தத்தை நாமே அனுபவித்துவிட்டு, வாங்கிக்கொள்வதை மாத்திரம் ஏழைகளுக்கு விட்டு வைப்பது நியாயமா?

பெயர் பொறிக்காத சமாதி

களக்காட்டுக்கு அருகே, மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் டோனாவூர் என்ற கிராமம் இருக்கிறது. பெயரைக் கேட்டால் தமிழ்ப் பெயராகத் தோன்றவில்லை அல்லவா? பிரஷ்யா தேசத்துப் பிரபுவான டோனா என்பவர் பணம் உதவினார். அவருடைய பெயர் ஊருக்கு ஆயிற்று. கொடுத்தவர் பெயர் ஊர் உள்ளவரையில் நிலைக்கும்படி செய்யும் முறை இது. அதில் தவறு இல்லை.

ஆனால் அதே ஊரில் வேறொரு முறையும் உண்டு. அயர்லாந்து தேசத்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்தார்; 1901 முதல் டோனாவூரே அவர் ஊராயிற்று. கோயில்களுக்குப் பொட்டுக் கட்டுவதற்காகக் கொடுக்கப்படவிருந்த சிறுமிகளையும், ஆதரவற்ற குழந்தைகளையும் எடுத்து வளர்த்தார். சென்னை ராஜதானியில் பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது. அதற்கு நாற்பது வருஷங்களுக்கு மேல் முந்தியே இந்தக் காரியம் அங்கே நடந்துகொண்டிருந்தது. ஐம்பத்தைந்து வருஷ காலம் தாய்நாட்டுக்குத் திரும்பாமலே இருந்து, 1951 ஜனவரியில் அம்மையார் காலமானார். தம்முடைய சமாதியின்மேல் கல் எதுவும் நாட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். வளர்த்த பிள்ளைகளுக்கு மனம் கேட்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை அங்கே வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லை அதில் பொறித்தார்கள். பெயரை மறைத்துக்கொண்டவருக்கு உறவு மிஞ்சியது. தமிழர்கள் நிக்கலஸுக்குத் தாத்தா என்று பெயர் வைத்ததும், டோனாவூர்ப் பிள்ளைகள் தொட்டியில் எழுதியதும் ஒரே காரியந்தான்.

ஒரே பந்தி

கொடுப்பவரும் பெறுபவரும் எதிரும் புதிருமாக நிற்காதபடி செய்ய, திருநெல்வேலிக் கிராமங்கள் இன்னொரு உபாயமும் கண்டிருக்கின்றன. அதற்கு 'அசனம்' என்று பெயர். சபைப் பண்டிகைகளில் ஊரார் எல்லோரும் தங்கள் தங்கள் சக்திக்கு ஏற்றபடி அரிசியோ, ஆடோ, காய்கறியோ, விறகோ கொண்டுவந்து சேர்ப்பார்கள். பெரிய அண்டாக்களில் ஒன்றாகச் சமைத்து, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மூட்டை அரிசி கொடுத்தவரும், ஒரு கைப்பிடி அரிசி கொடுத்தவரும், ஒன்றுமே கொடுக்க முடியாமல் விறகு பிளந்தவரும் அடுத்தடுத்த இலைகளில் உட்கார்ந்திருப்பார்கள். இலையைப் பார்த்து யார் எதைக் கொடுத்தவர் என்று சொல்ல முடியாது.

கைப்பிடி அரிசி என்றோமே, அதுவும் இந்த நாட்டுப் பழக்கந்தான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, வாரத்துக்கு ஒரு முறை தர்மத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மடங்களுக்கும் இப்படிப் பிடியரிசி போகும். கிறிஸ்தவ சபைகளுக்கும் போகும். இதில் வேஷமும் இல்லை, விழாவும் இல்லை. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் ஒரு அம்மாள் வருஷத்தில் எத்தனை மரக்கால் அரிசியைத் தர்மம் செய்திருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

2023-ஆம் வருஷத்து மார்கழி

இவையெல்லாம் பழங்கதை, இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக ஒரு சமீப கால நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆந் தேதி மார்கழி பிறந்தது. அன்று தொடங்கிய மழை மறுநாள் காலை வரையில் இடைவிடாமல் கொட்டியது. காயல்பட்டினத்தில் இருபத்து நாலு மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்கிற மழைக்கும் மேற்பட்ட தண்ணீர் ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்கிவிட்டது. தாமிரபருணி கரை கடந்தாள். வயலும் வாழைத் தோட்டமும் மூழ்கின; வீடுகள் இடிந்தன; கால்நடைகள் அடித்துக்கொண்டு போகப்பட்டன.

அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில், சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் கல்லும் கரைந்து போய்விட்டன. சிலரை அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அதற்குள் சாலையும் அறுந்து போகவே, மற்றவர்கள் ரெயிலடியிலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். சுற்றிலும் வெள்ளம், 19-ஆந் தேதிதான் அவர்களை மீட்க முடிந்தது. அதுவரையில் அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் யார்? அருகிலிருந்த புதுக்குடிக் கிராமத்தார். அவர்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்தது. மறுநாள் தங்கள் குழந்தைகளுக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று தெரியாத நிலையில், கையிலிருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து, முன்பின் தெரியாத பிரயாணிகளுக்கு அளித்தார்கள்.

அந்தக் காரியம் நடந்தது கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால். பிரயாணிகளில் பலர் செந்தில் முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்பியவர்கள். மழை அதிகமாய்க் கொட்டிய காயல்பட்டினமோ முஸ்லிம்கள் நிறைந்த ஊர். ஸ்ரீவைகுண்டமோ வைஷ்ணவர்களின் திவ்ய க்ஷேத்திரம். கூப்பிடு தூரத்தில் கிறிஸ்தவக் கிராமங்கள். யாருடைய பண்டிகைக்காக இந்தத் தர்மம் என்று கேட்க அன்று ஒருவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. சிவப்பு அங்கி இல்லை. பஞ்சுத் தாடி இல்லை. ஆனால் நிக்கலஸ் அத்தியட்சர் அந்த இரவில் எங்கேயாவது நடமாடியிருந்தால், ஸ்ரீவைகுண்டத்து ரெயிலடியில்தான் நடமாடியிருப்பார் என்று நாம் நம்புகிறோம்.

தாத்தாக்களுக்கு ஒரு விண்ணப்பம்

வருகிற கிறிஸ்துமஸுக்குத் தாத்தா வேஷம் போடப்போகிற வாலிபர்களுக்கும், அவர்களை அனுப்பி வைக்கிற பெரியவர்களுக்கும் நாம் சில வார்த்தைகள் சொல்லிக்கொள்ள உத்தேசிக்கிறோம். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொருந்தும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் துணி கொடுப்பவர்கள் இதைத் தங்களுக்கும் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அநாதை விடுதிகளுக்கு டிசம்பர் 24-ஆந் தேதி ஒரே நாளில் ஐந்து இடத்திலிருந்து கேக் வந்து குவியும். பிப்ரவரி மாதத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். குழந்தைகளுக்கு ஒரே நாளில் ஐந்து நாள் பசி எடுப்பதில்லை. ஆகவே, போவதற்கு முன்னால் என்ன வேண்டும், எப்பொழுது வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. கேக்குக்குப் பதிலாகப் போர்வையும் மருந்தும், ஜனவரியில் கட்ட வேண்டிய பள்ளிச் சம்பளமும் தேவையாயிருக்கலாம். துணி கொடுப்பதானால், பண்டிகைக்குப் பத்து நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். தாய் அதைத் தைத்துப் பிள்ளைக்குப் போட்டு, "நான் எடுத்த சட்டை" என்று சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் பெருமையை அவளிடமிருந்து நாம் ஏன் பறிக்க வேண்டும்?

கடைசியாக, போட்டோ. இது சித்திரங்கள் நிறைந்த பத்திரிகையில் வெளியாகும் கட்டுரையாதலால், படம் பிடிப்பதை நாமே கண்டிப்பது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஐந்து கிலோ அரிசிப் பையை ஏழு கனவான்கள் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் ஒரு கிழவி தலை குனிந்து நிற்கும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு நிக்கலஸின் ஜன்னல் நினைவுக்கு வருகிறது. ஏழு பேரும் முகத்தை நன்றாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். மறைத்துக்கொள்ள விரும்புகிறவள் அந்தக் கிழவி ஒருத்திதான். தாத்தாவின் முகமூடி இருக்கிறதே, அது கொடுப்பவரின் முகத்தை மறைப்பதற்காக ஏற்பட்டது. அதைக் கழற்றிவிட்டுக் காமிராவைப் பார்த்துச் சிரிப்பதாயிருந்தால், வேஷம் போடாமலே இருந்துவிடலாம்.

தாமிரபருணி மலையிலிருந்து கடல் வரையில் எத்தனையோ கால்வாய்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு போகிறாள். ஒவ்வொரு வயலின் வரப்பிலும் "இது தாமிரபருணி கொடுத்தது" என்று பலகை நாட்டியிருக்கவில்லை. ஆனாலும் அங்குள்ள குழந்தையைக் கேட்டால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடும்.